கிளிப் கறுத்தால் முதலில் பெட்டியைப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

மழை விட்டதும் பீரோவைத் திறந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் எழுதியிருப்பீர்கள் போலிருக்கிறது. எடுத்து வைத்த மைப்பேனாவின் கிளிப் கறுத்துவிட்டது, வளையம் பச்சை பூத்துவிட்டது, நிப்பு பழுத்துவிட்டது என்றுதான் இந்த முறை கடிதங்கள். கூடவே எல்லாரும் கேட்கும் ஒன்று, "எதைப் போட்டுத் தேய்க்கலாம்?" தேய்ப்பதை அப்புறம் பார்ப்போம். பேனா எந்தப் பெட்டியில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதைப் பலர் எழுதவே இல்லை, பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

மாமனாரின் வெள்ளிப் பேனாவை, வாங்கிய ரசீதோடு சேர்த்துக் கட்டி எடுத்து வைத்திருந்தோம். இப்போது பிரித்தால் உடம்பு முழுக்கப் பழுப்பு, இரண்டு இடத்தில் மட்டும் கன்னங்கரேலென்று வளையம். குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி விபூதி போட்டுத் தேய்க்கலாமா சார்?
*வாசகி, காரைக்குடி*

எதை வைத்துக் கட்டினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் அந்த இரண்டு வளையமே சொல்லிவிடுகிறது: ரப்பர் பேண்ட். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள், அதில் கொஞ்சம் ரப்பரிலேயே தங்கி வருஷக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் ஆகாது என்பதைவிட ரொம்பவே ஆகும் என்பதுதான் பிரச்சினை, தொட்ட இடத்தில் சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு என்ற கரிய படலமாகிவிடும். உடம்பெல்லாம் தெரிகிற பழுப்பும் அதே படலம்தான், அங்கே கந்தகம் காற்று வழியாக மெதுவாக வந்ததால் மெல்லிசாக இருக்கிறது.

விபூதி வேண்டாம் அம்மா. குத்துவிளக்கு கனமான உலோகம், அதில் போகிற துளி கணக்கில் வராது. பேனாவின் மேல் இருப்பது மெல்லிய வெள்ளித் தகடு, அதிலும் பல பேனாக்களில் நுணுக்கமான கோட்டு வேலைப்பாடு இருக்கும். 1960களில் வந்த பார்க்கர் 75-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்ட அந்த வெள்ளிப் பேனாவில் கோடுகளின் பள்ளத்தில் இருக்கும் கருமை அழுக்கு இல்லை, தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று கறுப்பாக்கியது. அதைச் சுரண்டி எடுத்து 'பளபள'வென்று ஆக்கிக் கொண்டுவந்து காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

முதலில் வெறும் பழைய பருத்தித் துணியால் நீளவாக்கில் துடையுங்கள். போதவில்லை என்றால் வெள்ளிக் கடைகளில் கிடைக்கும் வெள்ளி துடைக்கும் துணியை வாங்கி லேசாக ஓட்டுங்கள். கரிய வளையம் முழுசாகப் போகாவிட்டால் விட்டுவிடுங்கள், அது போகும்வரை தேய்த்தால் அந்த இடம் மட்டும் பள்ளமாகத் தெரியும். ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் கறுப்போடு சேர்ந்து கொஞ்சம் வெள்ளியும் போகிறது என்பது நினைவிருந்தால் போதும்.

இன்னொரு முறையும் இப்போது எல்லாரும் சொல்கிறார்கள்: அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி ஆப்ப சோடா போட்டு வெள்ளியை முக்குவது. வேதியியலாக அது சரியான முறைதான். கந்தகத்தை வெள்ளியிடமிருந்து பிரித்துவிடுகிறது, வெள்ளி அப்படியே மிஞ்சுகிறது. கொலுசுக்குச் செய்யுங்கள். பேனாவுக்குச் செய்யாதீர்கள், பள்ளத்துக் கருமையும் அதோடு போய்விடும், வெந்நீர் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் ஒட்டுப் பசையையும் ஒரு வழி பண்ணிவிடும்.

வெள்ளி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1715-ல் ஃப்ளோரிடா கரையோரம் புயலில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களிலிருந்து எடுத்த வெள்ளியைக் கொண்டு 1965-ல் பார்க்கர் நிறுவனம் 4,821 பேனாக்கள் செய்தது, அதுவும் இந்த 75 மாடல்தான். இருநூற்றைம்பது வருஷம் கடலடியில் கிடந்த வெள்ளியை உருக்கிப் பேனாவாக்க முடிந்தது, ஒரு ரப்பர் பேண்ட் அதைச் சில வருஷத்தில் கறுப்பாக்கிவிடும்.

எங்கள் வீட்டில் வெள்ளிப் பேனா, வெள்ளிக் கிண்ணம் எது வைத்தாலும் மாதத்தில் கறுத்துவிடுகிறது. கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் அதே ஜோடிப் பேனா வெள்ளையாகவே இருக்கிறது. எங்களுக்கு விற்றது போலியா?
*வாசகர், சிந்தாதிரிப்பேட்டை, சென்னை*

பேனா மேல் பழி போடுவதற்கு முன் ஜன்னலைத் திறந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். கூவம் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள்? அந்த அழுகின முட்டை நாற்றம்தான் ஹைட்ரஜன் சல்ஃபைடு, வெள்ளியைக் கறுப்பாக்குவதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளில் ஏசி மெஷினின் தாமிரக் குழாய் சீக்கிரமே ஓட்டையாகி கேஸ் போய்விடுவதும் இதனால்தான், பக்கத்து ஏசி மெக்கானிக்கைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். ஸிப் வைத்த பாலிதீன் பையில் போட்டு, வெள்ளிக் கடையில் கிடைக்கும் கறுப்புத் தடுக்கும் தாள் ஒரு துண்டை உள்ளே வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி வையுங்கள். அந்தத் தாள் கந்தகத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், அதனால் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

என்னிடம் பழைய ராஜமுந்திரிப் பேனா ஒன்று, சென்னையில் வாங்கியது இரண்டு, மூன்றும் எபோனைட். நல்ல தேக்குப் பெட்டியில், ரசாயனம் எதுவும் இல்லாமல்தான் வைத்திருக்கிறேன். பேனாக்கள் கறுப்பு மாறி ஒரு மாதிரி பாசி நிறம் ஆகிவிட்டன, கிளிப்பின் தங்க நிறம் மங்கி ஊதாவும் பழுப்புமாகத் தெரிகிறது. பெட்டியில் கூட இருந்த, எபோனைட் இல்லாத ஒரு வெள்ளி மூடிப் பேனாவும் கறுத்துவிட்டது. ஏன்?
*வாசகர், வேலூர்*

ரசாயனம் எதுவும் இல்லை என்கிறீர்கள், ஆனால் மூன்று எபோனைட் பேனா உள்ளே இருக்கிறதே.

எபோனைட் என்பது ரப்பரேதான். ரப்பர் பேண்டில் கந்தகம் நூற்றுக்குச் சில பங்கு இருந்தால், எபோனைட்டில் ஏறக்குறைய முப்பது பங்கு இருக்கும், அத்தனையையும் கலந்து மணிக்கணக்கில் சூடு காட்டினால்தான் ரப்பர் கல் மாதிரி இறுகிக் கடைசலில் கடைகிற பதத்துக்கு வரும். காந்தி கேட்டுக்கொண்ட சுதேசிப் பேனா என்று பெயர் வாங்கிய ராஜமுந்திரி ரத்னம் பேனா தொடங்கி, இன்று திருவள்ளூரிலும் சென்னையிலும் கையால் கடைந்து தருகிற பேனாக்கள் வரை அதே சரக்குதான். கையில் பிடித்தால் குளிர்ச்சியோ வழுக்கலோ இல்லாமல் ஒரு இதம், நிப்புக்கு அடியில் மை இறங்கும் நாக்கில் மை தடையில்லாமல் ஓடும், எனக்கும் அதுதான் பிடித்த பேனா. ஆனால் அதற்குள் இருக்கும் கந்தகம் முழுசாகக் கட்டுப்பட்டுக் கிடக்காது. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மூடிய பெட்டியில் அது போக வழியில்லாமல் கிளிப்பிலும் வளையத்திலும் பக்கத்துப் பேனாவிலும் உட்காரும். உங்கள் வெள்ளி மூடி கறுத்தது அப்படித்தான்.

பாசி நிறம் வேறு விஷயம், இதைவிட மோசமானது. வெளிச்சமும் ஈரமும் சேர்ந்தால் எபோனைட்டின் மேற்பரப்பில் இருக்கும் கந்தகம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கடைசியில் கந்தக அமிலமாக மாறும். மிகச் சிறிய அளவுதான், நாக்கில் வைத்தால் புளிப்பு தெரியலாம் (வைத்துப் பார்க்க வேண்டாம்). கிளிப் பேனாவைத் தொடும் அடிப்பக்கத்தில், வளையத்தின் விளிம்பில் அந்த அமிலம் தேங்கி முலாமுக்கு அடியில் இருக்கும் பித்தளையைத் தின்ன ஆரம்பிக்கும். ஆக, நிறம் மாறின எபோனைட் பேனா என்றால் அதன் கிளிப்பைத் தூக்கிப் பார்ப்பது நல்லது, மேலே மினுங்கும், அடியில் பச்சைக் களிம்பு இருக்கும்.

என்ன செய்யலாம்? சற்றே ஈரமான துணியால் பேனா உடம்பைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள், மேலே இருக்கும் அமிலம் அதோடு வந்துவிடும். முக்கி ஊறவைக்காதீர்கள், வெந்நீர் கூடவே கூடாது, வெந்நீர் பட்ட எபோனைட் ஒரே ராத்திரியில் காக்கி நிறமாவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு எபோனைட்டை எபோனைட்டோடு, வெள்ளியை வெள்ளியோடு தனித்தனியாக வையுங்கள். வெயில், டியூப்லைட் படாத இடம். கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைப்பது எபோனைட்டுக்குச் செய்கிற துரோகம்.

இதோடு ஒன்று. உடம்பு பிளாஸ்டிக்காக இருந்தாலும், நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்பு நாக்கு பல பழைய பேனாக்களில் எபோனைட்தான். உள்ளே மை இழுக்கும் ரப்பர் பை இருந்தால் அதுவும் கந்தகம். எபோனைட்டே இல்லாத பேனா ஏன் கறுத்தது என்று கேட்டவர்கள் (மூன்று கடிதம்) அங்கே பாருங்கள்.

தாத்தாவின் பழைய பேனா, தேன் நிறத்தில் கோடு கோடாக அழகாக இருக்கும். இப்போது தொட்டால் பிசுபிசுக்கிறது, ஒரு நெடி, கிளிப் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்திருக்கிறது. பக்கத்தில் வைத்த ஹீரோ பேனாவின் மூடியிலும் புள்ளி விழுந்துவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று காற்றுப் புகாத டப்பாவில்தான் வைத்திருந்தேன்.
*வாசகர், திருச்சி*

அந்த டப்பாதான் வினை. உங்கள் தாத்தாவின் பேனா செல்லுலாயிட். பருத்தி நாரில் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்து, கற்பூரத்தால் இளக்கிச் செய்தது. பழைய காலத்துச் சினிமா ஃபிலிமும் இதே பொருள்தான், அதனால்தான் அவ்வளவு சுலபமாகத் தீப்பிடித்தது. வயசானால் இது தானே சிதைய ஆரம்பிக்கும், அப்போது நைட்ரஜன் ஆக்ஸைடு வாயு வெளியே வரும், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மறுபடி நைட்ரிக் அமிலமாகும். அந்த அமிலம் பேனாவையே இன்னும் வேகமாகச் சிதைக்கும், சிதைந்தால் இன்னும் அமிலம். மூடி வைத்தால் வாயு வெளியே போகாமல் இந்தச் சுற்று வேகம் பிடிக்கும்.

சிந்தாதிரிப்பேட்டைக்காரருக்குப் பையில் போட்டு மூடு என்றேன், உங்களுக்குத் திறந்து வை என்கிறேன். முரண்பாடு மாதிரி இருக்கும். வெள்ளிக்கு எதிரி வெளியே இருக்கிறது, செல்லுலாயிடுக்கு எதிரி அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரே பெட்டியில் இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டையும் காப்பாற்ற முடியாது. வெள்ளிக் கிளிப் போட்ட செல்லுலாயிட் பேனா என்றால் செல்லுலாயிடுக்கே முன்னுரிமை கொடுங்கள், கிளிப் கறுத்தால் துடைத்துக்கொள்ளலாம், உடம்பு நொறுங்கினால் ஒட்ட முடியாது.

பிசுபிசுப்பு வந்துவிட்ட பேனா இனி திரும்பாது. அதை உடனே மற்றப் பேனாக்களிடமிருந்து பிரித்து, குளிர்ச்சியான, காற்றோட்டமான, அடுப்படியை விட்டுத் தள்ளின இடத்தில் தனியாக வையுங்கள். கிளிப், வளையம் கழன்று வருமானால் கழற்றித் தனியே எடுத்து வைத்துக்கொள்ளலாம், நினைவுக்காவது இருக்கும். ஹீரோ பேனாவை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும், புள்ளி போகாது, பெரிதாகாமல் நிற்கும்.

புளித்த காடி நெடி அடிக்கிறது என்று எழுதிய சேலம் வாசகருக்கு: உங்களுடையது செல்லுலாயிட் இல்லை, அதன் ஒன்றுவிட்ட சகோதரனான செல்லுலோஸ் அசிட்டேட். அதிலிருந்து வருவது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர். மருந்து அதே காற்றோட்டம்தான்.

குரோமிய முலாம் கிளிப் துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். குத்தினாற்போல் சின்னச் சின்னப் புள்ளியாக இருக்கிறது.
*வாசகர், தூத்துக்குடி*

உப்பளத்து ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! குரோமியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. குரோமிய முலாம் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளோடுதான் படியும், உப்புக் காற்றில் இருக்கும் குளோரைடு அந்த வெடிப்பு வழியாக இறங்கி அடியில் இருக்கும் நிக்கலையும் பித்தளையையும் குடைந்துவிடுகிறது. சட்டைப் பை வியர்வையும் இதையேதான் செய்யும், கிளிப்பின் உள்பக்கம் புள்ளி அதிகமாக இருந்தால் கடல் காரணமில்லை, வியர்வை. எடுத்து வைப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். விழுந்த குழி நிரம்பாது.

தங்கம் கறுக்காது என்கிறார்கள். என் பேனாவின் தங்க நிப்பு கழுத்துப் பக்கம் பழுப்பாக இருக்கிறது, கிளிப் இன்னும் மோசம். ஏமாந்துவிட்டேனா?
*வாசகி, சிதம்பரம்*

கவரிங் நகைக்குப் பேர்போன ஊரிலிருந்து கேட்கிறீர்கள், உங்களுக்குப் பாதி பதில் தெரிந்தே இருக்கும்.

சுத்தத் தங்கம் கறுக்காது, உண்மை. பேனா நிப்பு சுத்தத் தங்கமில்லை. 14 காரட் என்றால் நூற்றுக்கு ஐம்பத்தெட்டரை பங்குதான் தங்கம், அதைத்தான் நிப்பில் 585 என்று பொறிக்கிறார்கள். மிச்சம் வெள்ளியும் தாமிரமும். அந்த மிச்சம்தான் கறுக்கிறது. அடியில் எபோனைட் நாக்கு ஒட்டிக்கொண்டிருப்பதால் கழுத்துப் பக்கம் முதலில் பழுக்கும், எழுதுவதற்கு ஒரு குறையும் வராது, துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

கிளிப் வேறு ரகம். அதில் இரண்டு வகை. மின்சாரத்தால் முலாம் பூசினது மிக மெல்லியது, தலைமுடிக் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது பல பேனாக்களில். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அடியில் இருக்கும் தாமிரம் அதன் வழியாக மேலே ஏறி வந்து கறுக்கும். இன்னொன்று, தங்கத் தகட்டையும் பித்தளையையும் சேர்த்து அழுத்தி இழைத்த ரோல்டு கோல்டு. பழைய பார்க்கர் 51 மூடிகள் சிலவற்றில் 1/10 என்று தொடங்கும் முத்திரை இருக்கும், அந்த உலோகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு தங்கக் கலவை என்று அர்த்தம், அது தாராளமான கனம். முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பாருங்கள். ரோல்டு கோல்டு லேசான துடைப்பைத் தாங்கும். வெறும் முலாம் எந்தப் பாலிஷையும் தாங்காது, பற்பசை, பாத்திரம் விளக்கும் பொடி, புளி, எதுவும் கூடாது. கறுப்பு போகும், கூடவே தங்கமும் போகும், அப்புறம் வெறும் பித்தளைக் கிளிப்தான் மிச்சம்.

கிளிப்பின் குமிழ் முனையிலும் மூடியின் வாய் விளிம்பிலும் மட்டும் மஞ்சளாகப் பித்தளை தெரிந்தால் அது கறுப்போ அரிப்போ இல்லை, கைபட்டுத் தேய்ந்தது. நன்றாக எழுதப்பட்ட பேனா என்பதற்கு அதுதான் அடையாளம், நான் அதை எதுவும் செய்ய மாட்டேன்.

ஸ்டீல் நிப்பு ஒரு வருஷம் மையோடு கிடந்து அரித்துப் போயிருக்கிறது. நல்ல கம்பெனி மைதான் போட்டேன்.
*வாசகர், சாத்தூர்*

வெள்ளரிக்கும் காராச்சேவுக்கும் பக்கத்தில் நிப்புத் தொழிலுக்கும் பெயர் வாங்கிய சாத்தூரிலிருந்தே நிப்புக் கேள்வி வந்திருக்கிறது!

எந்த மை என்று எழுதியிருக்கலாம். நீலக்கறுப்பு மை என்றால் அதில் சில இரும்பு மைகள், பெலிகன் 4001 நீலக்கறுப்பு அந்த வகை. அடிப்படைச் சரக்கு மாசிக்காயில் இருக்கும் டானினும் அன்னபேதி உப்பும், நாட்டு மருந்துக் கடையில் இரண்டும் கிடைக்கும். காகிதத்தில் ஏறினால் தண்ணீர் கொட்டினாலும் போகாது, அதனால் பத்திரங்களுக்கு அந்த மையைத்தான் விரும்பினார்கள். ஆனால் அமிலம் கலந்தது. தங்க நிப்பு தாங்கும், ஸ்டீல் தாங்காது. அதிலும் தங்க முலாம் பூசின ஸ்டீல் நிப்பில் ஒரு கீறல் விழுந்தால், மை நடுவில் இருக்க, தங்கமும் இரும்பும் ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்து இரும்பு கரையும், முலாமே இல்லாத ஸ்டீலைவிட வேகமாக. எந்த மையாக இருந்தாலும் எடுத்து வைக்கிற பேனாவில் விடாதீர்கள். சாதா தண்ணீரை இழுத்து விட்டு, நிறம் போகிற வரை கழுவி, நிப்பு கீழே பார்க்கத் துணி மேல் ஒரு ராத்திரி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்துக் காய விட்டு, அப்புறம் மூடுங்கள். மூடிக்குள் சிக்கின ஈரம்தான் கிளிப்பை உள்ளிருந்து அரிக்கிறது.

காய்ந்த மையைக் கரைக்க அமோனியா சொட்டு விடலாம் என்று கேள்விப்பட்டவர்கள் கவனம், அமோனியா பித்தளையையும் தாமிரத்தையும் கரைக்கும். பிளீச்சிங் தண்ணீர் இன்னும் மோசம்.

சரஸ்வதி பூஜைக்குப் பேனாக்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். அது கிளிப்பைப் பாதிக்குமா?
*வாசகி, கும்பகோணம்*

தாராளமாக வையுங்கள். மறுநாள் பேனாவை எடுக்கும்போது துடைத்துவிட்டு எடுங்கள், அவ்வளவுதான். கிளிப் இடுக்கில் காய்ந்த சந்தனம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குங்குமத்தில் சுண்ணாம்பும் உண்டு, வருஷா வருஷம் அதே இடத்தில் சேர்ந்துகொண்டே போனால் அங்கே களிம்பு பூக்கும். ஈர்க்குச்சி முனையில் பஞ்சு சுற்றி இடுக்கைத் துடைக்கலாம். ஊசி, பிளேடு வேண்டாம். ஏற்கெனவே களிம்பு பிடித்திருந்தால் அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் வைத்து மறுநாள் ஈர்க்குச்சியால் மெதுவாக எடுங்கள், உதிர்ந்து வரும். எண்ணெயைத் துடைக்க மறக்காதீர்கள்.

பேனாப் பெட்டியில் பாச்சை உருண்டை போடலாமா?
*வாசகர், ஈரோடு*

கூடாது. அந்த ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். பேனாவைப் பூச்சி தின்னாது.

சரி, எந்தப் பெட்டிதான் நல்லது? கடையில் வெல்வெட் வைத்த மரப்பெட்டி, ரெக்சின் பை, தோல் உறை எல்லாம் விற்கிறார்கள்.
*பலர்*

விற்பதில் பாதி பேனாவுக்கு ஆகாதது. ரெக்சின் பெரும்பாலும் பிவிசி, வயசானால் குளோரின் கலந்த அமில ஆவி விடும். தோல், சட்டைப் பைக்கு நல்ல உறை, பத்து வருஷம் எடுத்து வைக்க இல்லை, பதப்படுத்தின அமிலம் அதில் இருக்கும். கம்பளித் துணி பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் ஆட்டு மயிரிலேயே கந்தகம் உண்டு. ஸ்பான்ஜ் சில வருஷத்தில் பிசினாகிப் பேனாவில் ஒட்டிக்கொள்ளும். மரத்தில் ஓக் அமிலம் விடுவதற்குப் பெயர் போனது, பிளைவுட், அமுக்கின மரத்தூள் பலகை இரண்டிலும் பசையிலிருந்து ஆவி வரும். புதுப் பெட்டியைத் திறந்ததும் 'கும்'மென்று வாசனை அடித்தால் பேனாவை வைக்காதீர்கள், அந்த வாசனைதான் கிளிப்பில் போய் உட்காரப் போகிறது. நாளிதழ்த் தாளில் சுற்றவும் வேண்டாம், அது மட்டமான காகிதம், அமிலம் உண்டு.

ஆகிறது எது? சாயம் போடாத, துவைத்துக் காய்ந்த பருத்தித் துணி. பாலிதீன், பாலிப்ரொப்பிலீன் டப்பா, செல்லுலாயிடுக்கு மட்டும் மூடாமல். ஒவ்வொரு பேனாவுக்கும் ஒரு சின்ன மல் துணிப் பை தைத்துக் கொண்டால் ஒன்றோடொன்று உரசாது. சிலிக்கா ஜெல் போடலாம், அளவுக்கு மீறிக் காய வைக்க வேண்டியதில்லை, ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பது ஐம்பதில் நின்றால் போதும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள், செல்லுலாயிட் வைத்திருப்பவர்கள் இன்னும் அடிக்கடி.

பெட்டி நல்லதா கெட்டதா என்று சந்தேகம் இருந்தால் பரிசோதிக்க அருங்காட்சியகக்காரர்கள் வழி ஒன்று இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் 1973-ல் முறைப்படுத்தியது. காட்சிப் பெட்டியில் போடப்போகிற துணி, மரம், பசை எதுவோ அதில் ஒரு துண்டை, பளபளப்பாகத் தேய்த்த வெள்ளி, தாமிரம், ஈயத் துண்டுகளோடு சேர்த்துக் கொஞ்சம் தண்ணீரும் வைத்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைப்பார்கள். உலோகம் கறுத்தால் அந்தப் பொருள் உள்ளே நுழையக் கூடாது. வீட்டில் அவ்வளவு துல்லியம் வராது. ஆனாலும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சந்தேகத் துணியையும், புதுசாகத் தேய்த்த தாமிரக் கம்பித் துண்டு ஒன்றையும், பழைய வெள்ளி மெட்டி ஒன்றையும், தனியாக ஒரு மூடியில் நனைத்த பஞ்சையும் வைத்து இறுக மூடி, அதே மாதிரி துணி இல்லாமல் இன்னொரு பாட்டிலையும் வைத்து, வெயில் காலத்தில் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். இரண்டாவது பாட்டில் ரொம்ப முக்கியம், அது இல்லாமல் எது துணியின் வேலை, எது வெறும் ஈரத்தின் வேலை என்று தெரியாது. வெல்வெட் பெட்டிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு துண்டு வெல்வெட் கேட்டு வாங்கிச் செய்தால் இன்னும் நல்லது. கொடுப்பாரா என்பது வேறு.

முலாம் போன கிளிப்புக்கு மறுபடி தங்க முலாம் போடலாமா? நகைக்கு முலாம் போடும் கடையில் கேட்டேன், பேனாவை அப்படியே கொடுங்கள், பஃபிங் போட்டு முக்கி எடுத்துத் தருகிறேன் என்றார்கள்.
*வாசகர், மதுரை*

அப்படியே கொடுக்காதீர்கள். கிளிப்பைக் கழற்றத் தெரிந்த பேனா மெக்கானிக்கிடம் கழற்றி வாங்கிக் கிளிப்பை மட்டும் கொடுங்கள், முலாம் தொட்டி ரசாயனமும் சூடும் பேனா உடம்பில் படவே கூடாது. தேய்த்து மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் கிளிப்பில் பொறித்த பெயரும் வேலைப்பாடும் மழுங்கிவிடும் என்பதால், சக்கரம் வைக்காமல் சுத்தம் செய்து பூசச் சொல்லுங்கள், குழி இருந்தால் குழியோடேதான் வரும். தினம் எழுதுகிற பேனா என்றால் போட்டுக்கொள்ளுங்கள். சேகரிப்புக்கு வைத்திருப்பது, பின்னால் விற்கலாம் என்று நினைப்பது என்றால் போடாதீர்கள், பழைய தேய்ந்த முலாமுக்குக் கொடுக்கிற விலையைப் புது முலாமுக்கு வாங்குகிறவர்கள் கொடுக்க மாட்டார்கள்.